பத்துக்கு ஒன்பது

அன்பும் மதிப்பும் உடைய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமா எழுதுவது.

இங்கே நான் நலம், வீடு நலம், தையல் மெஷின் நீங்கலாக மற்றப் பொருள்கள் அனைத்தும் நலம். மெஷினைப் பற்றி உரிய இடத்தில் சொல்கிறேன், பதற வேண்டாம். அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும் உங்கள் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதற்கு ஆதாரமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எல்லார் குரலையும் கேட்கிறேன். பேத்தி மட்டும் பேசாமல் தொலைபேசியை நக்குவதாகத் தெரிகிறது. அந்தச் சத்தமும் எனக்குத் தெளிவாகக் கேட்கிறது என்று அவளிடம் சொல்லவும்.

முதலில் ஒரு மன்னிப்பு. அன்றைக்கு விடியாத நேரத்தில் உங்களை எழுப்பிவிட்டேன். நீங்கள் எடுத்த எடுப்பில், "மாமா, எல்லாரும் நல்லா இருக்கீங்களா? யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறினீர்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கடிகாரத்துக்குத்தான் ஆகியிருந்தது. உங்கள் ஊர் நேரத்துக்கென்று ஒரு கடிகாரம் வாங்கிச் சமையலறைச் சுவரில் மாட்டியிருந்தேன். இங்கே நான் காலையில் பல் தேய்க்கும்போது அங்கே என்ன நேரம், இங்கே விளக்கு போடும்போது அங்கே என்ன நேரம் என்று அவ்வப்போது பார்த்துக்கொள்வேன். அதன் பேட்டரி எப்போது தீர்ந்ததோ தெரியாது. எப்போது பார்த்தாலும் அங்கே சாப்பாட்டு நேரமாகவே இருந்தது. பாவம், குழந்தை இருக்கும் வீட்டில் ஒழுங்காகச் சாப்பிட முடியாது, தட்டை வைத்துக்கொண்டு நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். பணிக்காலம் முழுவதும் புவியியல் பாடம் நடத்தியவன் நான். பூமி சுற்றுவதை ஆரஞ்சுப் பழத்தையும் டார்ச் விளக்கையும் வைத்து விளக்கியே எத்தனையோ ஆரஞ்சுகளை வீணாக்கியிருக்கிறேன். அந்த நான், ஒரு பேட்டரி தீர்ந்ததும் பூமி நின்றுவிட்டதாக நம்பியிருக்கிறேன் என்றால், வயதாகிவிட்டது என்றுதான் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். வேறு காரணம் தேட வேண்டாம்.

போகட்டும். போன வாரம் நீங்கள் கைப்பேசியில் அனுப்பிய செய்தி கிடைத்தது. பதிலைக் கைப்பேசியிலேயே அனுப்பலாம், ஆனால் நான் எழுதுவதை எழுத அது விடுவதில்லை. போன முறை 'பேத்திக்கு முத்தம்' என்று தட்டினேன், அது 'பேட்டிக்கு மொத்தம்' என்று உங்களிடம் வந்து சேர்ந்து, "எந்தப் பேட்டி மாமா?" என்று நீங்கள் கவலைப்பட்டீர்கள். அதனால்தான் தாளும் பேனாவும். உங்கள் செய்தியில் இரண்டு கேள்விகள் இருந்தன. முதல் கேள்வி, நீங்கள் எழுதியபடியே: "மாமா, இந்த வருஷம் படிச்சதுல உங்களுக்குப் பிடிச்ச புத்தகம் எதெல்லாம்? சொன்னீங்கன்னா அத்தைக்கு வாங்கித் தரலாம்னு இருக்கேன். இங்க அவங்க எதை எடுத்தாலும் ஆசையா படிக்கிறாங்க, கடைசிக்கு வரும்போது மூடி வச்சிடறாங்க. போரடிக்குது போல." இரண்டாவது கேள்வி: "அத்தை இன்னும் ஒரு வருஷம் இங்கயே இருக்கட்டுமா? அவங்களைக் கேட்டா, 'அவர் என்ன சொல்றாரோ அதான்'ங்கிறாங்க. நீங்கதான் சொல்லணும்."

தேர்வு எழுதப் போகும் பிள்ளைகளுக்கு நான் வழக்கமாகச் சொல்வது ஒன்று உண்டு. சுலபமான கேள்விக்கு முதலில் பதில் எழுது. கஷ்டமான கேள்விக்கு இடம் விட்டுவைத்துக் கடைசியில் வா. ஆகையால் புத்தகக் கேள்விக்கு முதலில் வருகிறேன். அத்தை புத்தகத்தை மூடிவைப்பதற்குக் காரணம், கண்ணாடியை மாற்ற வேண்டியிருக்கலாம். கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இந்த வருடம் நான் நிறையப் படித்தேன். பிடித்த புத்தகங்களுக்கு மதிப்பெண்ணும் போட்டிருக்கிறேன். ஆனால் நேரே பட்டியலுக்குப் போனால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. எங்கள் வீட்டில் புத்தகம் படிக்கும் முறையை முதலில் சொல்ல வேண்டும். ஆறு எங்கே பிறக்கிறது என்று சொல்லாமல் எங்கே கலக்கிறது என்று சொல்ல முடியாது அல்லவா, அதைப் போல.

கல்யாணமான புதிதிலிருந்தே எங்களுக்கு ஒரு புத்தகம்தான், படிப்பது இரண்டு பேர். பகலில் உங்கள் அத்தை, நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிறகு மாலையில் நான். அவள் நிறுத்திய பக்கத்துக்கு அடையாளம் அவளுடைய கொண்டை ஊசி. என் அடையாளம், சாக்பீஸ் பெட்டியிலிருந்து கிழித்த அட்டைத் துண்டு. ஊசி எப்போதும் அட்டைக்கு முன்னால்தான் இருக்கும். அவள் வேகமாகப் படிப்பாள். நான் வரைபடம் பார்ப்பவனைப் போல நின்று நின்று போவேன். முன்னால் போனவர் கதையைச் சொல்லக் கூடாது என்பது சட்டம். சொல்ல மாட்டாள். ஆனால் சோறு போடும்போது என்னைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவாள் பாருங்கள், அதிலேயே யாரோ ஒருவர் சாகப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். "யாரு? அந்த டாக்டரா?" என்பேன். "நான் ஒண்ணும் சொல்லலையே. குழம்பு ஊத்தட்டுமா?" என்பாள். அந்த டாக்டர் பிழைத்துக்கொள்ள வேண்டுமே என்று எனக்குச் சாப்பாடு இறங்காது. இப்படி ஊசியும் அட்டையும் ஓடி ஓடிக் கடைசி அத்தியாயத்துக்கு வந்ததும், ஊசி அங்கேயே நின்றுவிடும். அட்டை வந்து சேரும்வரை அவள் காத்திருப்பாள். கடைசி அத்தியாயத்தை மட்டும் தனியாகப் படிக்கக் கூடாது. அவள் வாய்விட்டுப் படிக்க வேண்டும், நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்க வேண்டும். அவள் படிக்கும்போது எல்லாப் பாத்திரங்களுக்கும் தனித்தனிக் குரல் உண்டு. வில்லனுக்கு எங்கள் பழைய தலைமையாசிரியரின் குரல். கடைசிப் பக்கத்தின் கடைசி வரிக்கு முன்னால், வேண்டுமென்றே புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இருங்க, தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்து போவாள். "அடியே, படிச்சிட்டுக் குடியேன்!" என்று நான் கத்துவேன். சமையலறையில் குழாயைத் திறந்து, டம்ளரைக் கழுவி, நிதானமாகக் குடித்துவிட்டு வருவாள். உங்கள் அத்தை இவ்வளவு குறும்புக்காரி என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. மாப்பிள்ளை முன்னால் அடக்கமாகத்தான் இருப்பாள்.

அதெல்லாம் அந்தக் காலம். இப்போது நான் சுதந்திர வாசகன். ஒரு புத்தகம், ஒரு ஆள். முதல் பக்கத்திலிருந்து முடிவுவரை நானே படித்து நானே முடித்துவிடுகிறேன். ஊசி மட்டும் பழக்கத்தால் புத்தகத்தில் இருக்கிறது. அவள் உங்கள் ஊருக்குக் கிளம்பும்போது கண்ணாடி முன்னால் நாலைந்து ஊசிகளை விட்டுவிட்டுப் போயிருந்தாள். சும்மா கிடக்கின்றனவே என்று ஒன்றை எடுத்துப் புத்தகத்தில் வைத்தேன். காலையில் அதைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைப்பேன், மாலையில் நான் உட்கார்ந்து அட்டையை அதை நோக்கி நகர்த்துவேன். ஒருநாள் மும்முரமாகப் படித்து ஊசியைத் தாண்டிப் போய்விட்டேன். உடனே, எழுந்து போனவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட மாதிரி ஒரு கூச்சம் வந்து, பின்னால் வந்துவிட்டேன். இதில் வேடிக்கை என்னவென்றால், நூலகத்தில் தவணை நீட்டிக்கப் போனபோது நூலகர் அம்மா புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"சார், இதுல ஒரு கொண்டை ஊசி இருக்கு."

"ஆமாம்மா. எடுத்துடாதீங்க, அது படிச்சிட்டிருக்கு."

அவர் முத்திரை குத்திக் கொடுத்தார். அடுத்த முறை அதே புத்தகத்துக்கு மறுபடி தவணை கேட்டபோது, "சார், இந்தப் புத்தகத்தைக் குத்தகைக்கே எடுத்துட்டீங்களா? பின்னால நாலு பேர் காத்திட்டிருக்காங்க" என்றார். நல்ல புத்தகங்களை ஒருமுறைக்கு இருமுறை படிக்கும் வழக்கம் எனக்கு. வேறொன்றும் இல்லை.

இனிப் பட்டியல். முதலாவது, கலங்கரை விளக்கக் காவலாளி ஒருவரைப் பற்றிய தடித்த நாவல். தலையணை அளவு. ஒரு பாறைமேல் விளக்கு, அதில் ஒரு மனிதர், சுற்றிலும் கடல். பக்கம் பக்கமாக அவர் விளக்கின் கண்ணாடியைத் துடைக்கிறார். வேறு ஒன்றுமே நடப்பதில்லை, ஆனால் கீழே வைக்க மனம் வராது. கப்பல்கள் தூரத்தில் போகும். அவர் ஒவ்வொன்றையும் பார்த்து, இதில் இருப்பவர்களுக்கு நான் இருப்பது தெரியுமா என்று நினைத்துக்கொள்வார். அந்த இடத்தில் நானும் என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். தூசி படிந்திருந்தது அப்போது. நூலக வாசகர் வட்டத்தில் இந்த நாவலைப் பற்றி என்னைப் பேசச் சொன்னார்கள். நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தேன். கடலோரக் காற்றைப் பற்றியும் ஓர் உதாரணம் சொன்னேன். முடிக்கும்போது, "இந்தக் காவலாளி ஓய்வுபெற்று, கரைக்கு வந்து, வயதான காலத்தில் எப்படி இருப்பார் என்று அடிக்கடி யோசிக்கிறேன். எங்காவது ஒரு சின்ன வீட்டில், ஜன்னல் ஓரமாக..." என்றேன். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. முன்வரிசையில் பல் மருத்துவர் ஒருவர், நல்ல பெண், மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"சார், அவர்தான் கடைசில கடல்ல போயிடறாரே?"

மாப்பிள்ளை, அந்த நிமிடம் எனக்கு எப்படி இருந்தது என்று எழுத முடியாது. பக்கத்து வீட்டு மனிதரைப் போலப் பழகிவிட்ட ஒருவர் போய்ச் சேர்ந்த செய்தியைப் பல் பிடுங்குகிற மாதிரி சொல்லிவிட்டார். ஆனாலும் ஆசிரியன் அல்லவா, கரும்பலகை முன்னால் எத்தனை முறை தப்பித்திருக்கிறேன். ஒருவாறு சமாளித்து, "உண்மைதான் அம்மா. ஆனால் நம் மனத்தில் அவர் கரை சேர்ந்துவிட்டார் என்ற பொருளில் சொன்னேன்" என்றேன். கைதட்டினார்கள் பாருங்கள், அப்படி ஒரு கைதட்டல்! ஒருவர் அதைக் குறித்துக்கொள்ளவும் செய்தார். மறதியில் வந்த தடுமாற்றம்தான் அது, படித்துக் கொஞ்ச நாளாகிவிட்டது அல்லவா. இந்த நாவலுக்குப் பத்துக்கு ஒன்பது.

இரண்டாவது, ஒரு மர்மக் கதை. மழையில் சாலை அடைபட்டு ஒரு விடுதியில் மாட்டிக்கொண்ட ஏழெட்டுப் பேர், அதில் ஒருவர் காலை உணவுக்கு இறங்கி வரவில்லை. யார் செய்தது என்று எனக்குப் பாதியிலேயே தெரிந்துவிட்டது. சமையல்காரர். பிறகு பியானோ ஆசிரியை என்று தெரிந்தது. பிறகு மறுபடி சமையல்காரர். இந்தப் புத்தகத்துக்காகத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் அத்தையிடம், "உனக்கு ரொம்ப நாளா விட்டுப்போச்சே, கடைசி அத்தியாயத்தைப் படிக்கிறியா? உன் கைப்பேசிக்கு அந்தப் பக்கத்தையெல்லாம் படம் எடுத்து அனுப்பறேன்" என்று கேட்டேன். அவளுக்காகத்தான் கேட்டேன். அவளும் ஆசையாகத் தொடங்கினாள். அங்கே பின்னால் என் மகள், "அம்மா, யாருக்குக் கதை சொல்றே? பாப்பா இங்க தூங்கவே மாட்டேங்கிறா" என்றாள். "உங்கப்பாவுக்குடி" என்றாள் இவள். "அப்பாவை முதல்ல தூங்க வச்சிட்டியா? சரி!" இங்கே எனக்கு வெயில் கொளுத்தும் மத்தியானம். துப்பறிபவர் எல்லாரையும் கூடத்துக்கு வரச் சொல்கிறார், கதவைச் சாத்துகிறார், திரும்புகிறார், "இதைச் செய்தவர்..." என்கிறார். சத்தம் நின்றது. தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறாள் என்று நினைத்து, "படிச்சிட்டுக் குடி" என்றேன். கொஞ்சம் கழித்து மெல்லிய குறட்டை கேட்டது.

குழந்தையைத் தூக்கித் தூக்கிக் களைத்திருக்கிறாள், பாவம். எழுப்ப மனம் வரவில்லை. தொலைபேசியைக் காதில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். உங்கள் அத்தையின் குறட்டையைப் பற்றி வாழ்நாளெல்லாம் குறை சொன்னவன் நான். அன்றைக்குப் பேட்டரி தீரும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு பீன்ஸை எடுத்து வைத்தேன். அப்புறம் அவளைப் படிக்கச் சொல்லிக் கேட்கவில்லை, தூங்கட்டும். முடிவை நானே படித்துத் தெரிந்துகொண்டேன். அதைச் சொன்னால் உங்களுக்குச் சுவாரஸ்யம் போய்விடும், ஆகையால் சொல்லவில்லை. பத்துக்கு ஒன்பது.

முடிவு என்றதும் மேல்வீட்டுக்காரர் நினைவு வருகிறது. உங்களுக்கு அவரைத் தெரியாது, புதிதாக வந்தவர். முன்பு மருந்துக்கடை வைத்திருந்தார். எந்தப் பெட்டியை எடுத்தாலும் திருப்பி, அடியில் காலாவதித் தேதியைப் பார்த்துப் பார்த்துப் பழகியதால், புத்தகத்தையும் பின்னாலிருந்துதான் திறப்பார். கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு மூடிவிடுவார். "முடிவு தெரிஞ்சாச்சு, அப்புறம் நடுவுல எதுக்கு சார் மெனக்கெடணும்?" என்பார். எங்கள் குடியிருப்புக் குழந்தைகள் அவருக்குக் 'கடைசிப் பக்கம் மாமா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். என் மேஜையில் இருந்த மர்மக் கதையை அவர் ஒருநாள் புரட்டிவிட்டார். நான் பார்த்துப் பாய்வதற்குள், "அட, கடைசில யாருன்னு பார்த்தா..." என்று ஆரம்பித்தார். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே பால்கனிக்கு ஓடினேன். அவர் பின்னாலேயே வந்தார்.

"படிச்சு முடிச்சிட்டேன்னு சொன்னீங்களே சார்?"

"முடிச்சிட்டேன்."

"அப்புறம் ஏன் காதைப் பொத்துறீங்க?"

"காதுல வலி."

"ரெண்டு காதுலயுமா? சொட்டு மருந்து எழுதித் தரட்டா?"

எழுதியும் கொடுத்தார். நல்ல மனிதர்தான். படிக்கும் முறைதான் தலைகீழ்.

மூன்றாவதாக, தையல் மெஷின் விஷயம். இது நாவல் அல்ல. தையல் மெஷினை வீட்டிலேயே பழுது பார்ப்பது எப்படி என்று படங்களோடு விளக்கும் புத்தகம். வருடத்தின் மிகத் தெளிவான நடை இதில்தான். ஆசிரியர் வாசகனின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போகிறார். அவள் ஊருக்குப் போவதற்கு முன்பே மெஷின் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது, அவள் திரும்பி வரும்போது சத்தமே இல்லாமல் இருந்தால் ஆச்சரியப்படுவாளே என்று நினைத்துத்தான் இந்தப் புத்தகத்தை எடுத்தேன். ஒவ்வொரு அத்தியாயமாகப் படித்து, படித்தபடியே செய்தேன். பெல்ட்டைக் கழற்றச் சொன்னார், கழற்றினேன். அடிநூல் சுற்றிய பாபின் பெட்டியை வெளியே எடுக்கச் சொன்னார், எடுத்தேன். எண்ணெய் போட்டேன், துடைத்தேன். ஸ்க்ரூக்களை வரிசையாகத் தட்டில் வைத்தேன். எல்லாம் பளபளவென்று இருக்கிறது. சாப்பாட்டு மேஜை முழுவதும் மெஷின்தான். நான் சமையலறை மேடையில் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன். கடைசி அத்தியாயத்தின் தலைப்பு 'மறுபடி பூட்டுதல்'. அதற்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் மெஷின் இப்போது கொஞ்சமும் சத்தம் போடுவதில்லை. இந்த விஷயத்தை அத்தையிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். பத்துக்கு ஒன்பது.

நான்காவது ஒரு சின்னப் புத்தகம். ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்ட வந்த பொறியாளர் ஒருவர் இக்கரையில், பள்ளிக்கூடம் நடத்தும் பெண் ஒருத்தி அக்கரையில். பாலத்தை இரண்டு கரையிலிருந்தும் கட்டிக்கொண்டு வருகிறார்கள். பாதி இங்கிருந்து, பாதி அங்கிருந்து. ஆற்றின் நடுவே ஓர் ஆள் தாண்ட முடியாத இடைவெளி மிச்சம். அவர் இந்த நுனியில் வந்து நிற்கிறார், அவள் அந்த நுனியில் வந்து நிற்கிறாள், வெள்ளத்தின் இரைச்சலில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. "என்ன?" என்கிறார் அவர். "என்ன?" என்கிறாள் அவள். இருவரும் சிரித்துக்கொள்கிறார்கள். வகுப்பில் பாலங்களைப் பற்றி எவ்வளவோ சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நடுவில் நிற்கும் காற்றைப் பற்றி எந்தப் பாடநூலிலும் இல்லை. பாலம் முடிந்ததா என்கிறீர்களா? இப்போதைக்கு இரண்டு நுனிகளும் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. பத்துக்கு ஒன்பது.

எல்லாப் புத்தகத்துக்கும் ஒன்பதுதானா, ஒரு மதிப்பெண் எங்கே போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் கணக்கில் கெட்டிக்காரர், கேட்பீர்கள். அந்த ஒன்றை நான் நிறுத்தி வைத்திருக்கிறேன். விடைத்தாள் திருத்தும்போதும் சில தாள்களுக்கு அப்படிச் செய்வதுண்டு.

இனி இரண்டாவது கேள்வி. இடம் விட்டு வைத்திருந்தேன், வந்துவிட்டது.

தொடுவானம் என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்டால், மைதானத்துக்கு அழைத்துக்கொண்டு போய், "அதோ தெரியுதே, வானமும் தரையும் ஒட்டுற இடம், அதுவரைக்கும் நடந்துட்டு வா" என்பேன். போகப் போக அதுவும் போகும். உங்கள் அத்தை கிளம்பும்போது, "குழந்தை தவழ்ந்ததும் வந்துடறேன்" என்றாள். தவழ்ந்தது. "நடக்க ஆரம்பிச்சதும் வந்துடறேன்" என்றாள். நடந்தும் விட்டது, ஓடுவதாகவும் கேள்விப்படுகிறேன். இப்போது, "நல்லாப் பேச ஆரம்பிக்கட்டும்" என்கிறாள். அடுத்தது பள்ளிக்கூடம், அதற்கடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும், நான் பள்ளிக்கூடத்திலேயே இருந்தவன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். குழந்தையைச் சொந்தப் பாட்டியைவிட யார் நன்றாகப் பார்த்துக்கொள்ள முடியும்? பேத்தி அவள் மடியில் வளர்வதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. நூலகம் இருக்கிறது, மேல்வீட்டுக்காரர் இருக்கிறார், சொட்டு மருந்து இருக்கிறது. நின்றுகொண்டு சாப்பிட்டால் சீரணத்துக்கும் நல்லது. ஆகையால் உங்கள் அத்தை இன்னும் ஒரு வருடம் தாராளமாக அங்கேயே இருக்கட்டும். இது நன்றாக யோசித்து, முழு மனத்தோடு சொல்லும் பதில். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்ட வேண்டாம், மாமா சரி என்று சொல்லிவிட்டார் என்று மட்டும் சொன்னால் போதும்.

உங்கள் வீட்டில் விளக்கும் சிரிப்பும் என்றும் குறையாமல் இருக்க வேண்டும். என் மகள் நேரத்தோடு சாப்பிட வேண்டும். பேத்திக்கு ஆயிரம் முத்தங்கள். மொத்தம் அல்ல, முத்தம். உங்கள் பெற்றோரைப் பார்க்கும்போது என் வணக்கத்தைச் சொல்லவும். அத்தையிடம் நான் கேட்டதாகச் சொல்லவும். என்ன கேட்டதாக என்று அவள் கேட்டால், சும்மா கேட்டதாகச் சொல்லவும்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
மாமா

பின்குறிப்பு: மேலே உள்ளதை உறையில் போட்டு ஒட்டுவதற்குள் மேல்வீட்டுக்காரர் சர்க்கரை கேட்டு வந்தார். நான் சர்க்கரை எடுக்கப் போன நேரத்தில், மேஜையில் இருந்த தாள்களில் கடைசித் தாளை எடுத்துப் படித்துவிட்டார். அவர் வழக்கம் தெரிந்தும் கவிழ்த்து வைக்காதது என் தவறு. சர்க்கரை டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நான் வாழ்க்கையில முடிவைத் தவிர வேற எதையும் படிச்சதில்ல. எவ்வளவோ முடிவு பார்த்திருக்கேன். இது முடிவே இல்ல சார்."

"ஏன், தெளிவாத்தானே எழுதியிருக்கேன்? இருக்கட்டும்னு."

"அதான் சொல்றேன். 'முழு மனத்தோடு'ன்னு எழுதினவங்க யாரும் அதுக்கு முன்னாடி சீரணத்தைப் பத்தி எழுத மாட்டாங்க."

சொல்லிவிட்டு மாடி ஏறிப் போய்விட்டார். சர்க்கரை டம்ளரை இங்கேயே வைத்துவிட்டார்.

ஆகையால் மாப்பிள்ளை, மேலே எழுதியதை எல்லாம் சிவப்பு மையால் அடித்துவிடுங்கள். இந்த வருடம் நான் ஒரு புத்தகத்தையும் முடிக்கவில்லை. எல்லாவற்றிலும் கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் ஊசி நிற்கிறது, அட்டையும் வந்து பக்கத்தில் நிற்கிறது. கொலை செய்தது யார் என்று எனக்குத் தெரியாது. பாலம் என்ன ஆயிற்று என்று தெரியாது. மெஷினைப் பூட்டத் தெரியாது. படித்துப் பார்க்கலாம், கடைசிப் பக்கம் அங்கேயேதான் இருக்கிறது. இரண்டு மூன்று முறை திறந்தும் பார்த்தேன். எந்த வரிக்கும் குரல் வரவில்லை.

உங்கள் அத்தை அங்கே புத்தகங்களைக் கடைசியில் மூடிவைக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அது சலிப்பு இல்லை. கண்ணாடியும் இல்லை. அவளும் ஊசியை நிறுத்தி வைத்துக்கொண்டு அட்டைக்காகக் காத்திருக்கிறாள். இதைப் படித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டே கண் மருத்துவரைப் பற்றி எழுதினேன்.

அவளை அனுப்பிவையுங்கள். குழந்தையைவிட்டு வர அவளுக்கு மனம் வராது, உங்களுக்கும் சிரமம். முடிந்தால் விடுமுறை எடுத்துக்கொண்டு எல்லாருமாக வாருங்கள், மேஜையை ஒழித்து வைக்கிறேன். திரும்பிப் போகும்போது குழந்தையோடு நாங்கள் இருவருமே வந்து கொஞ்ச காலம் இருக்கிறோம். ஒரு புத்தகம்தான் எடுத்து வருவோம், இடம் அடைக்காது. எப்படியானாலும் ஊசியும் அட்டையும் ஒரே வீட்டில் இருக்கட்டும். கலங்கரை விளக்கக்காரர் போய்விட்டது எனக்குத் தெரியும் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள், தாள் அவள் கைக்குப் போகும் முன் இந்த வரியையும் அடுத்த வரியையும் மையால் மறைத்துவிடுங்கள். அவள் படிக்கும்போது தெரியாதவனைப் போலக் கேட்டுக்கொள்வேன்.

கடிதத்தைக் காட்ட வேண்டாம் என்று மேலே எழுதியிருக்கிறேன். அதையும் அடித்துவிடுங்கள். இந்தப் பின்குறிப்பை மட்டும் அவளிடம் கொடுத்து, வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கடைசிப் பகுதியை அவள் படிப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். இந்த வரிக்கு வந்ததும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவாள். தடுக்காதீர்கள், நிதானமாகக் குடித்துவிட்டு வரட்டும். நான் காத்திருப்பேன்.